ப்ராம்ப்ட் காட்டிய இடம்

ஐலா மூன்றாவது முறையும் கணினியிடம் பட்டியல் கேட்டாள். கருப்புத் திரையில் ஒரு கோப்பின் பெயர்கூட வரவில்லை. வரியின் தொடக்கத்தில், கட்டளைக்குக் காத்திருக்கும் ப்ராம்ப்டில், ‘ஐலா-ஆய்வு’ என்ற ஃபோல்டர் பெயர் மட்டும் நின்றது.

பின்லாந்தின் இனாரி ஏரியில் ஐந்து குளிர்காலம், விரல் மரத்துப் போக எடுத்த பனிக்கட்டி அளவுகள். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். காப்பு நகலும் கிடையாது. சர்வரில் இடம் போதவில்லை என்று ஆய்வுக்குழுவே போன மாதம் அதை நிறுத்தி வைத்திருந்தது.

அந்த ப்ராம்ப்டைக் காலையில்தான் பக்கத்து மேஜை இல்மாரி மாற்றிக் கொடுத்தான். அவனும் இதே மாதம் ஆய்வேடு கொடுக்க வேண்டியவன். எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று தெரியாமல் அவள் தடுமாறுவதைப் பார்த்து, இனி ஒவ்வொரு வரியிலும் அதன் பெயர் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு வேலை செய் என்று கிண்டலடித்தான். வரைபடம் போடும் நிரலைக் கேட்டபோது, என் ஃபோல்டர் எல்லாருக்கும் திறந்துதானே கிடக்கிறது, நீயே போய் எடுத்துக்கொள் என்றான்.

உள்ளே போய் அதை எடுத்துவிட்டு அவள் சாப்பிடப் போனாள். வந்ததும், குப்பை ஃபோல்டரில் நிற்கிற நினைப்பில், எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டாள். பிறகுதான் ப்ராம்ப்டைப் பார்த்தாள். கை செய்த காரியத்துக்கு யாரை நோவது?

ஆய்விலிருந்து விலகிக்கொள்வதாகப் பேராசிரியருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். இரண்டு வரிக்கு மேல் எழுத முடியாமல் அழுகை முட்டியது. பன்னும் காபியுமாக வந்த இல்மாரியிடம் விக்கி விக்கி நடந்ததைச் சொன்னாள்.

அவன் நகரச் சொல்லி உட்கார்ந்தான். காலையில் தான் எழுதிய அமைப்பு வரியைத் திறந்து பார்த்தவன் சிரித்தே விட்டான்.

“லூசு, அழாத. தப்பு என்னோடது. ஒத்தை மேற்கோள் போட வேண்டிய இடத்துல இரட்டை போட்டுட்டேன். காலைல நீ எங்க இருந்தியோ, அந்தப் பேரையே ப்ராம்ப்ட் நாள் பூரா ஒப்பிச்சுக்கிட்டு இருக்கு. நீ எங்க போனாலும் அது மாறாது.”

வேறொரு ஜன்னலைத் திறந்து அவளுடைய ஃபோல்டரைக் காட்டினான். ஐந்து குளிர்காலமும் அப்படியே இருந்தன. ஐலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யாரிடமும் ஒட்டாதவள், அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“அப்ப நான் நிஜமா எங்கதான் நின்னேன்?” என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

இல்மாரி சிரித்தபடி பழைய ஜன்னலுக்குத் திரும்பி, நிற்கும் இடத்தைக் கேட்கும் கட்டளையை அடித்தான். பதில் ஒரே வரியில் வந்தது. அதை இரண்டு தடவை படித்தான். கையிலிருந்த கோப்பையை மெதுவாக மேஜையில் வைத்தான்.

“என் ஃபோல்டர்ல.”