நாணல் பூனை

எகிப்தில், இறந்த பூனைகளைப் பதப்படுத்தித் துணி சுற்றி வைக்கும் ஒரு கோயிலில், பூனை உருவில் செய்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் பூனை அளவுக்குத் துணி சுற்றிய பொட்டலம் கிடந்தது.

“அண்ணே, எனக்குள்ளே பூனையே இல்லை. அதன் உடல் கெட்டுப்போனதால் வெறும் நாணலை வைத்துச் சுற்றிவிட்டார்கள்,” என்று பொட்டலம் அழுதது.

பெட்டி பதில் சொல்வதற்குள், இறந்த பூனையை வளர்த்த மெரித் வந்துவிட்டாள். “துணியை விலக்கி, முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்,” என்று மூடியை இழுத்தாள். பெட்டியோ பல்லைக் கடித்துக்கொண்டு மூடியை விடாமல் இறுக்கிக்கொண்டது.

கை வலித்ததும் மெரித் விட்டுவிட்டாள். “சரி, நிம்மதியாகத் தூங்குடி கண்ணு,” என்று பெட்டியின் நெற்றியைத் தடவிவிட்டுப் போனாள்.

“இனி நான் என்ன செய்வது, அண்ணே?”

“அவள் சொன்னதைச் செய். தூங்கு,” என்றது பெட்டி.