பத்து வரை

மனித குலத்தின் காயங்களை ஆற்றவல்லது அன்பு ஒன்றே.

புதுப் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. அதன் கீழே ஆலோசகர் நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது நாற்காலி பறந்து வந்தது.

குனிந்துவிட்டார். திறப்பு விழாக் குத்துவிளக்கு சாய்ந்தது.

எறிந்தவனுக்குப் பதினேழு வயது. இளையோர் மனநலச் சிகிச்சை மையத்தின் முதல் நோயாளி.

போன வருஷம் வரை இது அநாதை இல்லம். அநாதைகள் வரத்து குறைந்ததும், தாய் தகப்பன் உள்ள பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று நிர்வாகத்துக்கு ஞானம் பிறந்தது. கட்டடம் அதே. கட்டில்கள் அதே. முப்பத்தைந்து வருஷ வார்டன் மட்டும் மூன்று நாள் பயிற்சியில் ஆலோசகர் ஆகிவிட்டார்.

முன்வரிசையில் டாக்டர் மகிமைராஜ். இதே இல்லத்தில் வளர்ந்தவர், இப்போது மையத்தின் தலைவர். காலையிலேயே வார்டனிடம் சொல்லியிருந்தார்: "இனிமே ஒரு பிள்ளை மேல கை ஓங்கினீங்கன்னா, அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்."

பையன் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"வா, பெருசு! ஆலோசனை சொல்லு, பாப்போம்!"

ஒரே வீச்சு. முழங்கால் எலும்பில் பட்ட சத்தம் மைக்கில் கேட்டது.

வார்டனின் கை தானாக இடுப்புக்குப் போனது.

பிரம்பு அங்கே இல்லை.

பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது. வெறி பிடித்து நிற்கிற பிள்ளையை மெதுவாகப் பத்து வரை எண்ணச் சொல்ல வேண்டும்.

இந்த இல்லத்துக்கு எண்ணுவது ஒன்றும் புதிதல்ல. அடி வாங்குகிறவன்தான் எண்ண வேண்டும். இடது கையை நீட்டிக்கொண்டு, உரக்க. விட்டுப்போனால் முதலிலிருந்து.

விளக்கு மறுபடி ஓங்கியது, இந்த முறை மண்டைக்கு நேராக.

"எண்ணுடா!"

முப்பத்தைந்து வருஷக் குரல். அதற்குப் பயிற்சி கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"ஒண்ணு, சார்."

பையன் வாயைத் திறக்கவே இல்லை.

ஓங்கிய விளக்கோடு அவன் முன்வரிசைப் பக்கம் திரும்பினான். அவரும் திரும்பினார்.

டாக்டர் மகிமைராஜ், எம்.டி., நாற்பத்திரண்டு வயது, எழுந்து நின்று இடது உள்ளங்கையை நீட்டியிருந்தார்.