வயது சொல்லும் புரோகிராம்

“திரும்பவும் எட்டுத்தான் மிஸ் வருகுது.”

“எதையாச்சும் மாத்திக் கழிச்சிருப்பாய் புள்ள. கொஞ்சம் தள்ளு, பாப்பம்.”

ஆசிரியை சுஹைறா, மாணவி யதுசாவின் கணினிப் பக்கம் நாற்காலியை இழுத்தாள். பெயரையும் பிறந்த வருடத்தையும் கேட்டு வயதைச் சொல்லும் பைதன் புரோகிராம். கல்முனை வகுப்பில் முதல் வாரப் பாடம். வரிகளில் பிழையே இல்லை. யதுசாவுக்குப் பதினேழு என்று சரியாகச் சொன்னது. தங்கை உசாந்தினி பிறந்தது 1996இல். இது 2009, பதின்மூன்று வர வேண்டும். எட்டு என்றது.

“தங்கச்சி எங்க படிக்கிறா?”

“அவ 2004 சுனாமியில போயிட்டா மிஸ். அண்ணாவும் சண்டை முடிஞ்சு இன்னும் வரல்ல. அம்மா முகாம் முகாமாத் தேடித் திரியிறா.”

சுஹைறா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். தன் வாப்பாவின் பெயரை அடித்து, 1948 என்று கொடுத்தாள். ஐம்பத்தாறு என்று வந்தது. கடல் வந்து கொண்டுபோன அன்று வாப்பாவுக்கு அதுதான் வயது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பின் வரிசையில் யாரோ ஒருத்தி தன் வயது சரியாக வந்துவிட்டதென்று கைதட்டினாள்.

யதுசா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ், அண்ணாட பேர் ரஜிதன். எம்பத்தேழாம் ஆண்டு. இருபத்திரண்டு வரணும். எனக்குக் கை வருகுதில்ல, நீங்களே ஒருக்கா அடிச்சுப் பாருங்களன்.”