மூன்று விநாடி மிச்சம்

தமயந்தி வீட்டிலிருந்தே காப்பீட்டு மனுக்களைப் பதிவு செய்பவள். அவள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அலுவலக மென்பொருள் பார்த்துக்கொண்டிருக்கும்.

மேலாளர் சுந்தரேசன் போன் செய்தார். "டெய்லி மத்தியானம் 'சாப்டியாம்மா'ன்னு அடிச்சு, அனுப்பாமலே அழிச்சிடுறீங்க. யாருக்கும்மா?"

"மகளுக்கு சார். ரெண்டு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல."

"சரிம்மா. அழிக்கிற நேரம் வீணாப் போகுது. இனிமே சாஃப்ட்வேரே அழிச்சிடும்."

மறுநாள் மதியம், தனக்கு மட்டும் வடித்த சாதத்தை அப்படியே வைத்துவிட்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொன்னதாலோ என்னவோ, இன்று அனுப்பியே விடுவது என்றிருந்தாள். 'சாப்டியாம்மா' என்று அடித்தாள். மவுஸை நகர்த்துவதற்குள் அது மறைந்துவிட்டது.

இன்னொரு முறை அடிக்கத் தைரியம் வரவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது: இன்று உங்களுக்கு மூன்று விநாடி மிச்சம்.