வீட்டு டீ

மழை விட்டிருந்த குன்றின் உச்சியில் குணவதி கெட்டிலுக்குத் தீ மூட்டிக்கொண்டிருந்தாள். கெட்டிலின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு புகைபோக்கி. அதற்குள் நெருப்பு, அதைச் சுற்றித் தண்ணீர். பொறுக்கிய சுள்ளிகளெல்லாம் நனைந்திருந்தன. புகைந்து கண்ணைக் கரித்தனவே தவிர, எரியவில்லை. கணவர் தனக்கோடி தயங்கியபடி பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்தார். “டீ கொண்டாந்திருக்கேன். சூடாத்தான் இருக்கு.” கால் ஒடிந்த பிறகு அவள் ஏறிய முதல் ஏற்றம் இது. பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்துத்தான் காலையிலேயே அதை நிரப்பியிருக்கிறார். “அது வீட்டு டீ” என்றாள் குணவதி. பக்கத்தில் கிடந்த தன் பிரம்புக் கைத்தடியை எடுத்தாள். நுனியிலிருந்த ரப்பரைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தடியைப் புகைபோக்கிக்குள் செங்குத்தாக இறக்கினாள். “அய்யோ, எறங்கறப்ப என்னா பண்ணுவ?” “அத எறங்கறப்ப பாத்துக்கலாம். ஊதுங்க.” அவர் ஈரப்பாறையில் குப்புறப் படுத்து, கெட்டிலின் அடித்துளையில் வாய் வைத்து ஊதினார். காய்ந்த பிரம்பு சடசடவென்று பிடித்தது. எரிய எரியத் தடி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது. கெட்டிலின் மூக்கில் ஆவி சீறியபோது, வளைந்த கைப்பிடி மட்டும் புகைபோக்கியின் விளிம்பில் மாட்டிக்கொண்டு நின்றது. அவர் தலை நிமிர்த்தினார். கையில் ஒற்றைத் தம்ளரோடு, எதையும் ஊன்றிக்கொள்ளாமல் குணவதி நின்றுகொண்டிருந்தாள். “அந்த டீயக் கொட்டிட்டு பிளாஸ்க் மூடியக் குடுங்க. உங்களுக்கும் ஊத்தறேன்.”