சுவரில் நிற்காத போஸ்டர்

“அறுநூத்தி நாப்பது ரூபா ஒட்டுக்கூலி பாக்கிண்ணே,” என்று புலம்பிக்கொண்டே வந்தார் போஸ்டர் ஒட்டுகிறவர்.

போஸ்டர் வரைகிறவர் காதில் அது ஏறவில்லை. அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

“எதிர்க்கடைக்காரன் வரைஞ்ச கச்சேரி போஸ்டர் ஒண்ணுகூடச் சுவத்துல இல்லப்பா. ரசிகருங்க உரிச்சுட்டுப் போய் வீட்டுல மாட்டுறாங்களாம். அதனாலயே அடுத்த கச்சேரி வேலையும் அவனுக்கேதான். என்னோடத ஒருத்தனும் தொடல. அப்படி என்னத்த வரைஞ்சு கிழிச்சிட்டான்?”

“யாரும் உரிக்கலண்ணே. தானா விழுந்து குப்பைவண்டியில போச்சு. பாக்கி வச்சிருக்கிறதே அவர்தான். அந்தக் கோவத்துல பசையில தண்ணிய ஊத்தி ஒட்டினேன். நீங்க கைமேல காசு குடுக்கிறவரு, உங்களுக்குக் கெட்டிப் பசை.”

வரைகிறவர் மேஜை இழுப்பறையைத் திறந்து அறுநூற்று நாற்பதை எண்ணி நீட்டினார்.

“அவன் பாக்கி தீந்துச்சு. இனிமே அவனோடதையும் கெட்டியா ஒட்டு.”