நாலாவது ஹெட்போன்

"நீயே மாட்டிக்கிட்டு சத்தத்தைக் கூட்டு தம்பி" என்றாள் நோலின்.

ஜீலாங் நகரக் கடையின் விற்பனையாளன் லாக்லன், காதை முழுசாக மூடும் மூன்றாவது ஹெட்போனை மாட்டினான். அவள் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"வெளிய கேக்குது. அடுத்ததை எடு."

நான்காவதில் வெளியே ஒன்றுமே கேட்கவில்லை.

"காது வலிக்குதா? மூணு மணி நேரம் கழட்டாம இருப்பியா?"

"மெத்தை மாதிரி இருக்கு மேடம். நூத்தம்பது டாலர்தான். ஆனா, நீங்க ஒண்ணைக்கூட மாட்டிப் பாக்கலையே?"

"நான் எதுக்குப்பா மாட்டணும்?"

கோப்பையை வென்றவள் போல் கார்டை நீட்டினாள் நோலின்.

"பளபளன்னு பேப்பர் சுத்திக் குடு. பக்கத்து வீட்டுக்காரனுக்கு நாளைக்குப் பொறந்தநாள். ஹெட்போன் சொருகாம எலெக்ட்ரிக் கிடாரை வாசிச்சு மூணு மாசமா என் உயிரை வாங்குறான்!"